கேபர்நேயா, மாவ்ருட்டா? மலிவு விலை பல்கேரியச் சிவப்பு ஒயின்கள்

பல்கேரியக் கடைகளில் ஒயின் அலமாரியின் கீழ்த்தட்டில் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு இரண்டு சிவப்பு ஒயின்கள் நிற்கும். ஒன்று கேபர்நே சாவிஞான், ஊரறிந்த பெயர். இன்னொன்று மாவ்ருட், அந்த நாட்டைத் தாண்டினால் அதிகம் பேர் கேள்விப்பட்டிராத பெயர். கை தானாகவே கேபர்நே பக்கம் போகும். நானும் பல தடவை அப்படித்தான் எடுத்தேன். தட்டில் சாப்பாடு வந்த பிறகுதான் கணக்கு மாறியது.

கேபர்நேக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. கம்யூனிஸ்ட் ஆட்சியில் ஒயின் தொழில் வின்ப்ரோம் என்ற அரசு நிறுவனத்தின் கையில் இருந்தது. கேபர்நே, மெர்லோ திராட்சைகள் பரந்த அளவில் நடப்பட்டன. பெரும்பங்கு சோவியத் நாட்டுக்குப் போனது. 1980களில் பிரிட்டன் கடைகளில் ‘குறைந்த காசுக்கு நல்ல கேபர்நே’ என்று பல்கேரியச் சரக்கு பேர் வாங்கியது. 1985இல் சோவியத் தலைவர் கோர்பச்சோவ் மதுவுக்கு எதிராக இயக்கம் தொடங்க, சோவியத் சந்தை சுருங்கியது. ஆட்சி மாறியதும் நிலங்கள் பழைய உரிமையாளர்களுக்குத் துண்டு துண்டாகத் திரும்பின, பல தோட்டங்கள் கவனிப்பின்றிக் கிடந்தன. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

மாவ்ருட் அப்படி வெளியூர் போய்ப் பிழைத்த பழம் அல்ல. தெற்கே திரேசியச் சமவெளியில், பிளோவ்திவ், அசெனோவ்கிராட் வட்டாரம்தான் அதன் வீடு. தாமதமாகப் பழுக்கும், அறுவடை அக்டோபரில்தான். இந்தப் பெயருக்கு ஒரு கதையும் உண்டு. திராட்சைத் தோட்டங்களை எல்லாம் அழிக்கச் சொன்னான் மன்னன் கிரூம். பிறகு ஒரு நாள், தப்பி ஓடிய சிங்கத்தை மாவ்ருட் என்ற இளைஞன் கொன்றான். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, ஒளித்து வைத்திருந்த கொடியின் ஒயினிலிருந்து என்று அவன் தாய் ஒப்புக்கொண்டாளாம். நம்புவதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

சரி, சுவைக்கு வருவோம். வெயில் அதிகமான தெற்கில் விளைந்த மலிவு கேபர்நே முதல் வாயிலேயே பழச்சுவையோடு இறங்கும், புளிப்பு குறைவு. சரியாகப் பழுக்காத ஆண்டில் பச்சைக் குடைமிளகாய் வாசனை தூக்கலாக இருக்கும். மாவ்ருட் முதல் வாயில் முரடு. நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஒரு துவர்ப்பு, அதன் பின்னாலேயே நல்ல புளிப்பு, கடைசியில் உலர்ந்த பிளம், கொஞ்சம் மசாலா வாடை. வெறுமனே குடித்தால் கேபர்நேதான் ஜெயிக்கும்.

ஆனால் பல்கேரியாவில் ஒயின் வெறுமனே வருவது குறைவு. கெபாப்சே என்று சீரகம் போட்ட அரைத்த இறைச்சியை விரல் நீளத்துக்கு உருட்டிக் கரியில் சுடுவார்கள். ஒயினின் துவர்ப்பு இறைச்சியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் மாவ்ருட்டின் முரட்டுத்தனம் அங்கே அடங்கிவிடும். புளிப்பு கொழுப்பை வழித்துவிட்டு அடுத்த கவளத்துக்கு நாக்கைத் தயாராக்கும். தட்டில் கூடவே ல்யூதெனித்சா இருக்கும், சுட்ட குடைமிளகாயும் தக்காளியும் சேர்ந்த விழுது. தக்காளியின் புளிப்புக்கு முன்னால் கேபர்நே சப்பென்று ஆகிவிடுகிறது. மே 6ஆம் தேதி கெர்க்யோவ்தென் திருநாளில் சுடும் ஆட்டுக்குட்டிக்கும் என் ஓட்டு மாவ்ருட்டுக்குத்தான்.

கேபர்நே ஒரே ஓர் இடத்தில் முந்துகிறது: அரிசியும் இறைச்சியும் அடைத்து வேகவைத்த குடைமிளகாய். ஒயினில் குறையாகத் தெரிந்த அந்தப் பச்சை வாசனை தட்டிலிருக்கும் மிளகாயோடு கைகோத்துக்கொள்ளும். சிரெனே என்ற உப்பு வெண்பாலாடைக்கட்டி தூவிய ஷோப்ஸ்கா சாலட்டுக்கு இரண்டுமே சரிவராது. உள்ளூர்க்காரர்கள் அதற்கு ரக்கியா என்ற பழச் சாராயத்தைத்தான் ஊற்றுகிறார்கள். சிவப்பு ஒயின் பிறகுதான்.

மூன்றாவதாக ஒன்று கிடைத்தால் தயங்காதீர்கள்: கிரேக்க எல்லையை ஒட்டிய ஸ்ட்ரூமா பள்ளத்தாக்கின் மெல்னிக். மண்பானையில் மெதுவாக வேகும் பன்றி இறைச்சிக் காவர்மாவுக்கு, புகையிலை வாசனை கொண்ட இந்த ஒயின் மாவ்ருட்டை விடவும் பொருத்தம். வடக்கே டான்யூப் பக்கத்துக் கம்சா லேசானது. கொஞ்சம் குளிர்வித்துக் கோழியோடு குடிக்கலாம், அவ்வளவுதான்.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். விலை குறைவு, ஆனால் லேபிளில் ஓக் மரப் பீப்பாய்ப் பெருமை பெரிய எழுத்தில் இருக்கிறது என்றால் எனக்குச் சந்தேகம் வரும். உள்ளே பெரும்பாலும் வனிலா வாசனைதான் நிற்கும், பழம் காணாமல் போயிருக்கும். மாவ்ருட்டை அரை மணி நேரம் முன்னதாகத் திறந்து, 16–18 டிகிரியில் ஊற்றுங்கள். சூடேறினால் ஆல்கஹால் மூக்கில் ஏறும்.

வீட்டில் கேபர்நே மட்டும்தான் இருக்கிறது, தட்டில் கெபாப்சே வந்துவிட்டது என்றால், ல்யூதெனித்சாவை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள்.