வாடும் பூவா, வாடாத பூவா? தாப்பா வீட்டுக் கூடத்தில் ஒரு போட்டி

எங்கள் வீட்டுக் கூடத்துக்கு ஒரே சன்னல், அதுவும் மேற்குப் பார்த்தது. மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக டிவி மேசைமேல் வந்து உட்காரும். மற்ற நேரமெல்லாம் மங்கல்தான். பேராக் மாநிலத்துத் தாப்பாவில் நாங்கள் இருக்கும் தமனில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், எல்லா வீடும் இப்படித்தான்: இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், முன்னால் கார், பின்னால் அடுப்படி. ரப்பர் தோட்டத்து லய வீட்டில் இருந்தவரை வீட்டை அழகு பண்ணுவது என்று தனியாக ஒரு வேலை கிடையாது. வேலியோரம் குரோட்டன், வாசலில் செம்பருத்தி. சாமி மேடைக்குப் பறித்தது போக மிச்சம் அம்மாவின் கொண்டையில்.

டிவி மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் ரோஜாச் சாடி ஒன்பது ஆண்டாக இருக்கிறது. தங்கை கல்யாணத்து மேடை அலங்காரத்தில் மிஞ்சியது. சன்னல் பக்கம் பார்த்த பூவெல்லாம் வெளுத்து, பழைய பள்ளிச் சீருடை நிறத்துக்கு வந்துவிட்டது. அதைத் தூக்கிப் போடலாம் என்று வாயெடுத்தேன்.

"போட்டுட்டு அங்க என்ன வைப்ப? அதச் சொல்லு முதல்ல" என்றார் அம்மா.

அதற்குப் பதில் தேடித்தான் மூன்று மாதம் ஒன்று மாற்றி ஒன்று வைத்துப் பார்த்தேன். எது எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் பார்த்தால் பிளாஸ்டிக்தான் ஜெயிக்கும், போட்டியே தேவையில்லை. நான் பார்த்தது வேறு. முதல் நாள் எல்லாமே அழகுதான். பழசாகும்போது அது எப்படி இருக்கிறது? ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் நம்மை மன்னிக்கிறதா?

மலையிலிருந்து இறங்கும் செவ்வந்தி

தாப்பாக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கேமரன் மலைக்கு ஏறும் பழைய பாதை, 59ஆம் எண் சாலை, இங்கிருந்துதான் ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்குப் போகிறது. அங்கே 1,400 மீட்டர் உயரத்துக் குளிரில், கொட்டகைக்கடியில் வளர்ந்த செவ்வந்தி, இறங்கி வந்ததும் நம் ஊர்ப் புழுக்கத்தில் மாட்டிக்கொள்கிறது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு கட்டு எட்டு வெள்ளிக்கு வாங்கினேன். முதல் கட்டு ஆறு நாள். அடுத்த கட்டு பதினொரு நாள். பூவில் வித்தியாசம் இல்லை, நான் செய்த வேலையில்தான்.

இரண்டாம் முறை கட்டைப் பிரித்ததும் காம்புகளை வாளித் தண்ணீருக்குள் முக்கி, தண்ணீருக்கு அடியிலேயே ஓர் அங்குலம் சாய்வாக வெட்டினேன். வெளியே வெட்டினால் காம்புக்குள் காற்று புகுந்து, தண்ணீர் ஏறும் பாதையை அடைத்துக்கொள்ளும். தண்ணீரில் மூழ்கும் இடத்தில் ஓர் இலைகூட விடவில்லை. முதல் தடவை விட்டிருந்தேன். நாலாம் நாள் காம்பைத் தொட்டால் வெண்டைக்காய் மாதிரி வழவழப்பு, சாக்கடை நாற்றம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சீனி, இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, சில சொட்டு வெளுப்பு மருந்து. சீனி பூவுக்குச் சாப்பாடு, புளிப்பு தண்ணீர் ஏற உதவும், வெளுப்பு மருந்து கிருமியைக் கட்டுப்படுத்தும். ஆனால் சாற்றையும் வெளுப்பு மருந்தையும் நேருக்கு நேர் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். முதலில் தண்ணீர், பிறகு ஒவ்வொன்றாக.

செவ்வந்தியில் முதலில் தொங்குவது இலைதான். பூ அப்போதும் நிமிர்ந்தே நிற்கும். ஏழாம் நாள் இலையெல்லாம் உருவிப் போட்டு, காம்பைக் குட்டையாக்கிச் சின்னக் கிண்ணத்துக்கு மாற்றினேன். கடைசி இரண்டு நாள் தலைகளை மட்டும் கிள்ளி, அகலப் பித்தளைத் தட்டில் மிதக்கவிட்டேன். ஒரே கட்டு மூன்று விதமாக உட்கார்ந்தது. கௌரவமாக வயதாகும் பூ இது. ஆர்கிட் அப்படியில்லை. சாமி மேடையில் பழுத்த வாழைப்பழச் சீப்பு இருந்தால் அதிலிருந்து வரும் எத்திலீன் வாயுவுக்கே சுருண்டு, மொட்டைக் கொட்டிவிடும். நம் வீடுகளில் வாழைப்பழம் இல்லாத நாள் ஏது?

ஒரு சங்கடம். வெள்ளைச் செவ்வந்தியை முன் சன்னலில் வைத்த அன்று எதிர்வீட்டு ஆன்ட்டி வாசலிலேயே நின்று, குரலைத் தாழ்த்தி, "வீட்டில் எல்லாரும் நலம்தானே?" என்று கேட்டார். சீனர்களுக்கு வெள்ளைச் செவ்வந்தி துக்கத்துக்கு உரியது. ஏப்ரல் தொடக்கத்தில் சிங் மிங் வரும்போது கல்லறைக்கு வாங்கிப் போவார்கள், அப்போது விலையும் ஏறும். மஞ்சளும் ஊதாவும் கலந்து வாங்குங்கள்.

வாசலில் இருப்பதே

காசு கொடுத்து வாங்கிய பூவுக்கு இவ்வளவு சேவகம். குரோட்டன் கிளையை வெட்டித் தண்ணீரில் வைத்தால் மூன்று வாரம் அசையாது, சிலது வேரே விட்டுவிடும். வெட்டிய இடத்தில் கசியும் சாறு சட்டையில் பட்டால்தான் கறை போகாது. இருட்டிலேயே விட்டாலும் நிறம் குறையும் என்பதால் இரண்டு கிளையை முறை வைத்து வாசலுக்கும் கூடத்துக்கும் மாற்றுகிறேன்.

அதற்கு நடுவில் ஒரு செம்பருத்தி. 1960இல் தேசிய மலராக அறிவித்த அதே புங்கா ராயாதான். காலையில் விரியும், மாலையில் சுருளும். தண்ணீரில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அதன் ஆயுள் அதேதான். அதனால் சாடியே வேண்டாம். குரோட்டன் இலையிடுக்கில் சொருகலாம், மேசையில் சும்மா வைக்கலாம். மாலையில் சுருண்டதை எடுத்துச் செடிக்கடியில் போட்டால் முடிந்தது. தினம் ஒன்று பறிக்க வேண்டுமே என்பீர்கள். பல் துலக்கிக்கொண்டே பறிக்கிற வேலைதான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வைக்கும் பாத்திரம். எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால்மரத்தை வெட்டி எண்ணெய்ச் செம்பனை போட்டபோது அம்மா இரண்டு மங்கு எடுத்து வந்திருந்தார். பால் பிடிக்கிற அந்த மண் மங்குதான், வெளியே பழுப்பு மெருகு. அடி குறுகல், மேசையில் நிற்காமல் கவிழும். மரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கம்பி வளையத்தோடு சுவரில் ஆணியடித்து மாட்டினேன். உள்ளே விளிம்புக்குக் கீழே காய்ந்த ஒட்டுப்பால் ஒரு வளையமாக ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பினால் ரப்பர் பட்டை மாதிரி இழுபட்டு மறுபடி போய் ஒட்டும். அப்படியே விட்டுவிட்டேன். ஒரு குரோட்டன் கிளை, ஒரு செம்பருத்தி, அதற்குமேல் மங்கு தாங்காது, தேவையும் இல்லை.

தண்ணீர் வைக்கிற எல்லாவற்றுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். தண்ணீரை மட்டும் கொட்டினால் பயனில்லை. முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், அதைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சுகாதார அதிகாரிகள் சோதனைக்கு வந்து சாடியில் புழுவைக் கண்டால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 500 வெள்ளி வரை கம்பவுண்ட், அதாவது அபராதம், போடலாம். எட்டு வெள்ளிப் பூவுக்கு 500 வெள்ளிச் சீட்டு! செவ்வந்திக்கு எப்படியும் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுவோம், பயமில்லை. தொந்தரவு தராத குரோட்டனில்தான் ஆபத்து, மறந்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளிக்கும்போது மங்கையும் தேய்த்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

காகிதமும் பிளாஸ்டிக்கும்

அடுத்தது கிரேப் தாளில் செய்த பூ. தாளின் சுருக்கக் கோடுகள் இதழின் நீளவாக்கில் ஓடும்படி வெட்ட வேண்டும். பிறகு இதழின் நடுவை இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல அகட்டினால் கிண்ணம் மாதிரி குழியும், ரோஜாவுக்கு அந்தக் குழிவுதான் உயிர். கோடு குறுக்கே போனால் என்ன செய்தாலும் அது தட்டைத் தாள்தான். காம்புக்கு லிடி, அதாவது செம்பனை ஈர்க்கு. வீட்டு விளக்குமாற்றிலிருந்தே நாலு உருவிக்கொண்டேன்.

நான் ஈர்க்கு சீவிக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து செம்பனைப் பூவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். செம்பனைக்குப் பூ உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து விடும்வரை, தோட்டங்களில் மகரந்தம் தூவியது ஆள்கள்தான், அதிலும் நிறையப் பெண்கள். டால்க் மாவோடு கலந்த மகரந்தத்தைப் பூக்குலைக்குள் பீய்ச்சுவார்களாம். "காலையில இருந்து முள்ளுக்குள்ள கைய விட்டு பூ வேலதான். வீட்டுக்கு வந்து வேற பூ பாக்கணுமா?" பிளாஸ்டிக் ரோஜா ஏன் ஒன்பது ஆண்டாக அங்கேயே இருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

காகிதப் பூ மோசமாக வயதாகிறது, அதை மறைக்க முடியாது. சிவப்புக் கிரேப் மூன்றே வாரத்தில் மேற்கு வெயிலில் வெளுத்தது. தூசி தட்ட ஈரத்துணியால் துடைத்தேன், அது என் புத்தி. சாயம் இறங்கி வெள்ளைச் சுவரில் வெற்றிலை துப்பியதுபோல் ஒரு கோடு. இன்னும் இருக்கிறது. பிறகு இரண்டு திருத்தம் செய்தேன். ஒன்று, வெள்ளை, சந்தன நிறத் தாளில் மட்டும் செய்வது. வெளுக்க அதில் ஒன்றும் இல்லை. இன்னொன்று, மெழுகு. பழைய மெழுகுவர்த்தித் துண்டுகளை ஒரு பால் டின்னில் போட்டு, டின்னைக் கொதிநீர்ச் சட்டியில் வைத்து உருக்கி, பூவைத் தலைகீழாக ஒரு முக்கு. நேரடித் தீயில் மெழுகை வைக்கவே கூடாது. ஈரம் ஒட்டாது, இதழும் நிமிர்ந்து நிற்கும். ஆனால் மெழுகுத் தாளைச் சாமி மேடை விளக்குப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பிளாஸ்டிக்கை நியாயமாகவே எடை போட்டேன். சோப்புத் தண்ணீரில் அலசினால் தூசி போகிறது, வெளுப்பு போகவில்லை. நாள்போக்கில் இதழ் விளிம்பு மொரமொரப்பாகி ஒடிகிறது. எனக்கு உறுத்துவது இதுதான்: செவ்வந்தி முடிந்தால் எடுத்துப் போட வேண்டிய நாள் தெரியும், பிளாஸ்டிக்கில் அந்த நாள் வருவதே இல்லை.

வெயிலுக்கென்றே ஒன்று

பிப்ரவரி, மார்ச் வறட்சியில் பால்மரம் சிவந்து இலை கொட்டும். பீடோர் பக்கம் இன்னும் சில சிறுதோட்டங்களில் பால்மரம் நிற்கிறது. உதிர்ந்ததை விட முற்றிய பச்சை இலைதான் இந்த வேலைக்கு நல்லது: சதையை நீக்கி நரம்பை மட்டும் எடுப்பது. தண்ணீரில் மூன்று நாலு வாரம் ஊறப்போட்டால் தானே அழுகும். நாற்றத்தையும் ஏடிஸையும் நினைத்து அதை விட்டேன். சலவைச் சோடா போட்ட தண்ணீரில், சமைக்காத பழைய சட்டியில், கையுறை மாட்டிக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் கொதிக்கவிட்டேன். ஆறியதும் ஒரு தட்டில் இலையை விரித்து, பழைய பல் துலக்கியால் நடுநரம்பிலிருந்து விளிம்பு நோக்கித் தட்டித் தட்டித் தேய்க்க வேண்டும். பச்சைக் கூழ் நழுவி, அடியில் கொசுவலை மாதிரி நரம்பு தெரியவரும். அவசரப்பட்டால் கிழியும். இருபது இலையில் எனக்குத் தேறியது ஏழு.

அந்த ஏழையும் காயவைத்துச் சன்னல் கண்ணாடியில் மைதாப் பசையால் ஒட்டினேன். இத்தனை நாள் எல்லாப் பூவையும் கெடுத்த அதே மூன்று மணி வெயில், இலைக்குள் புகுந்து எதிர்ச்சுவரில் வலை வலையாக விழுந்தது. சாயக் கோடு இருந்த இடத்தில்கூட. தண்ணீர் வேண்டாம், வெளுக்க நிறமும் இல்லை. குழந்தைகள் கை வைத்தால் நொறுங்கும், அது ஒன்றுதான் குறை. செலவு, சோடா வாங்கிய காசு மட்டும்.

மற்றவை எனக்கு ஒத்துவரவில்லை. பழைய அங்பாவ் பண உறையில் செய்த விளக்கு பண்டிகைக்குச் சரி, மறு வாரமே கடை அலங்காரம் மாதிரி தெரிகிறது. சாயம் போட்ட அரிசிக் கோலத்தைப் பலகையில் ஒட்டி மாட்டினேன். எறும்பு நன்றி சொன்னது. ரப்பர் கொட்டை கோத்த மாலை அழகுதான், ஆனால் பச்சைக் கொட்டையில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, வாயில் போடும் வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் வேண்டாம்.

என் வீட்டு முடிவு: அன்றாடத்துக்கு மங்கில் குரோட்டனும் செம்பருத்தியும், சன்னலுக்குப் பால்மர இலை, விருந்தாளி வரும் வாரம் மட்டும் செவ்வந்தி. மெழுகுப் பூ படுக்கை அறையில், வெயில் படாத மூலையில் இருக்கிறது. பிளாஸ்டிக் ரோஜாவை ஒரு பையில் கட்டி பின்கட்டில் வைத்திருந்தேன், குப்பை லாரி வரும் நாளுக்காக.

அன்று வேலை முடிந்து வந்து பார்த்தால் அது மறுபடி டிவி மேசைமேல் இருந்தது. சாடியை அப்படியே அரைவட்டம் திருப்பி வைத்திருந்தார் அம்மா. சுவரைப் பார்த்தே ஒன்பது ஆண்டு இருந்த பூவெல்லாம் இப்போது கூடத்தைப் பார்த்து, வாங்கிய அன்று இருந்த சிவப்பில்.

"இன்னும் ஒம்பது வருசம் ஓடும்" என்றார்.