29-ஆம் பிரிவா, 9-ஆம் உறுப்புரையா?

மட்டக்களப்பில் அரசியலமைப்புப் பேச்சு எடுத்தாலே, மதத்தை அரசிலிருந்து பிரிப்பதா, இருக்கிறபடி விடுவதா என்று பலரும் இரண்டு மனதாக நிற்கிறார்கள். சரி, பிரிக்கும் வழிக்குப் பழைய யாப்பின் 29-ஆம் பிரிவையும், இருக்கிற வழிக்கு இப்போதைய யாப்பின் 9-ஆம் உறுப்புரையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

சட்டம்: சோல்பரி யாப்பின் (இலங்கை சுதந்திரம் பெற்றபோது இருந்த அரசியலமைப்பு) 29-ஆம் பிரிவு, ஒரு மதத்தாருக்கு மட்டும் சலுகை தரும் சட்டத்தைத் தடுத்தது. 1978 யாப்பின் 9-ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்து, அதைப் பேணி வளர்ப்பதை அரசின் கடமையாக்கிவிட்டு, மற்றவர்களின் வழிபாட்டு உரிமையையும் உறுதி செய்கிறது.

ஆயுள்: முன்னது 1972-இல் போய்விட்டது. பின்னதை மாற்ற, நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும் (லேசில் நடக்காது).

காசு: இப்போது இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ அலுவல்களுக்கும் அரச திணைக்களங்கள் உண்டு. முழுதாகப் பிரித்தால், இங்கே கல்லடி ஊர்ப் பிள்ளை அறநெறி (சமயக் கல்வி) வகுப்புக்குக் கொண்டுபோகும் பாடப்புத்தகமும் கேள்விக்குறிதான்.

சட்டத்தின் முன் சமநிலைதான் முக்கியம் என்றால் 29-இன் வழி, என் ஓட்டும் அதற்கே. அரச உதவி நின்றுவிடக்கூடாது என்பவர்களுக்கு இப்போதைய முறைக்குள்ளேயே பங்கைக் கூட்டிக் கேட்பது தோது.