முதலாளியே பேசுவதா, பேச ஆள் பிடிப்பதா?

மாதம் இருபதாயிரம் ரூபாய் வரை விளம்பரத்துக்கு ஒதுக்க முடிந்த ஒரு சிறு தொழில்முனைவோருக்கு இன்று நான்கு வழிகள் உண்டு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் பணம் கட்டி விளம்பரம் ஓட்டலாம். சமூக ஊடகத்தில் பின்தொடர்வோர் நிறைய உள்ள ஒரு இன்ஃப்ளூயன்ஸரைப் பிடித்துப் பேச வைக்கலாம். கம்பெனி பெயரில் பக்கம் தொடங்கி ஏஜென்சியிடம் ஒப்படைக்கலாம். அல்லது முதலாளியே கேமரா முன்னால் உட்கார்ந்து தன் தொழிலைப் பற்றிப் பேசலாம். கையிலிருந்து பணம் குறைவாகப் போவது நான்காவதில்தான். ஆனால் மற்ற மூன்றிலும் காசைக் கரைத்த பிறகுதான் பலர் அதற்கு வருகிறார்கள். "நம்ம மூஞ்சிய யாரு பாப்பா" என்ற கூச்சம்தான் காரணம்.

பொத்தாம்பொதுவாகப் பேசினால் நான்குமே நல்லதாகத் தெரியும். அதனால் ஒரு தொழிலை வைத்துப் பார்ப்போம்: மரச்செக்கு எண்ணெய். வாடிக்கையாளர் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "கடையில பாக்கெட் எண்ணெய் பாதி விலைக்குக் கிடைக்குதே, உங்களோடது ஏன் இவ்வளவு?" இதற்குப் பதில் சொல்லாமல் ஒரு லிட்டர்கூட விற்காது. எந்த வழி இந்தப் பதிலை உருப்படியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதே நமக்கு அளவுகோல்.

பணம் கட்டும் விளம்பரம்

ஒரு நாளுக்கு 500 ரூபாய் என்றால் மாதம் 15,000. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 2,700. ஆக 17,700 ரூபாய். ஜிஎஸ்டி பதிவு இருந்து, அந்த எண்ணை விளம்பரக் கணக்கில் சேர்த்திருந்தால் அந்த 2,700-ஐ உள்ளீட்டு வரவாக எடுக்கலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். பதிவு இல்லாதவருக்கு அதுவும் செலவுதான்.

வேகத்தில் இதை மிஞ்ச வேறு வழி இல்லை. இன்று போட்டால் நாளை விசாரணை வரும். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் சரக்கு தள்ள வேண்டுமென்றால் இதுதான் கைகொடுக்கும். பணத்தை நிறுத்தினால் விசாரணையும் அன்றே நின்றுவிடும்.

பெரும்பாலும் தவறு நடப்பது பதிவுக்குக் கீழே இருக்கும் 'பூஸ்ட்' பட்டனில். அவசரத்தில் அதை அழுத்தினால், லைக் போடும் பழக்கம் உள்ளவர்களைத் தேடிப் பிடித்துக் காட்டிவிடும். வாங்குகிறவர்கள் வேறு ஆட்கள். விளம்பரங்களை அமைக்கும் ஆட்ஸ் மேனேஜர் பக்கத்துக்குள் போய், வாட்ஸ்அப்பில் செய்தி வர வேண்டும் என்ற நோக்கத்தைத் தேர்ந்தெடுத்து, கூரியர் செலவு கட்டுப்படியாகும் மாவட்டங்களை மட்டும் குறிக்க வேண்டும். வரும் செய்திகளில் பாதி "விலை?" என்ற ஒற்றைச் சொல்லாக இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் கட்டிய பணம் போனதுதான். அப்படியே சொன்னாலும், பாட்டில் படமும் "100% தூய்மை" என்ற வாசகமும் பார்த்து வந்தவர் விலையைக் கேட்டதும் போய்விடுவார். ஏன் அந்த விலை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லையே.

இன்ஃப்ளூயன்ஸர்

இதில் பார்க்க வேண்டிய எண் பின்தொடர்வோர் எண்ணிக்கை அல்ல. அவருடைய கணக்கின் பார்வையாளர் விவரம் காட்டும் இன்சைட்ஸ் பக்கத்தில் நகரவாரியாக யார் பார்க்கிறார்கள் என்ற திரைப்பதிவைக் கேட்டு வாங்குங்கள். ஈரோட்டில் கடை வைத்திருப்பவருக்கு, பார்வையாளர்களில் பெரும்பகுதி சென்னையிலும் துபாயிலும் உள்ள ஒருவரால் என்ன பயன்? கொடுக்கத் தயங்குகிறவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

எழுத்தில் வாங்க வேண்டியவை: எத்தனை ரீல், எத்தனை நாள் அழிக்காமல் வைத்திருப்பார், அந்த வீடியோவை நீங்கள் விளம்பரமாக ஓட்டலாமா, வெட்டாத மூலக் கோப்பைத் தருவாரா. விளம்பரத் தர அமைப்பான ஆஸ்கி 2021-இல் கொண்டுவந்த விதிகளின்படி, பணமோ இலவசப் பொருளோ வாங்கிப் பேசினால் அது விளம்பரம் என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். "அதைப் போட்டால் வியூஸ் போகாது" என்று சிலர் மழுப்புவார்கள். மாட்டினால் உங்கள் பெயரும் சேர்ந்தே வரும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. 2022 ஜூலை 1 முதல், ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைப் பரிசாகக் கொடுத்து அவர் அதை வைத்துக்கொண்டால் 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுப்பவரே பிடித்துக் கட்டும் வருமான வரி) வரலாம். எண்ணெய்க்கு அந்த அளவு வராது. பட்டுச்சேலை, கிரைண்டர், மரச்சாமான் விற்பவர்கள் தங்கள் ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் அளவுகோலுக்கு வருவோம். அவர் எண்ணெயை மோந்து பார்த்து "வேற லெவல்" என்பார். ஆட்டும் கணக்கு அவருக்குத் தெரியாது. மூன்று நாள் கூட்டம் வரும். அடுத்த வாரம் அவரே வேறொரு எண்ணெயை மோந்து பார்ப்பார்.

கம்பெனி பக்கம்

மாதம் பன்னிரண்டு போஸ்டர், எட்டு ரீல் என்று ஏஜென்சிகள் தொகுப்பாக விற்கின்றன. பொங்கல், குடியரசு தினம், மகளிர் தினம், தமிழ்ப் புத்தாண்டு என்று லோகோ ஒட்டிய வாழ்த்துப் படங்களிலேயே பன்னிரண்டு முடிந்துவிடும். வாழ்த்தைப் பார்த்து எண்ணெய் வாங்கியவர் உண்டா?

ஆனாலும் கம்பெனி பக்கம் தேவை. விலைப்பட்டியல், உணவுப் பாதுகாப்பு உரிம எண், கடை நேரம், கூகுள் மேப்பில் இடம் ஆகியவை சரியாக இருக்க வேண்டியது அங்கேதான். நாளை தொழிலை விற்றாலும், பங்குதாரர் மாறினாலும் அது கம்பெனியோடு போகும். சிறு நிறுவனத்துக்கு அது பெயர்ப்பலகை. பெயர்ப்பலகையிடம் போய் யாரும் சந்தேகம் கேட்பதில்லை.

முதலாளி முகம்

இது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. வசந்த் அண்ட் கோ விளம்பரங்களில் எச். வசந்தகுமாரின் சிரித்த முகத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. லலிதா ஜுவல்லரியின் கிரண்குமார், வேறு கடைகளில் விலையை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள் என்று தானே திரையில் வந்து சொன்னார். வாடிக்கையாளரின் சந்தேகத்தை எடுத்துக் கடை உரிமையாளரே பேசியதால் அது எடுபட்டது. அன்று அதற்குத் தொலைக்காட்சிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. இன்று ஒரு கைபேசி போதும்.

செக்கு எண்ணெய் விலைக் கேள்விக்கு ஒரு வீடியோ எப்படி இருக்கலாம்? செக்குக்குப் பக்கத்தில் ஒரு தராசு. அதில் இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ அவ்வளவு வேண்டும். பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சரக்குக்கே 300 ரூபாய். புண்ணாக்கு விற்று வருவதைக் கழியுங்கள். ஆட்டுக்கூலி, மின்சாரம், பாட்டில், தெளிய வைக்கும் நாட்களில் ஆகும் சேதாரம் ஆகியவற்றைக் கூட்டுங்கள். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் ஒரு நிமிடம் ஆகும். அதைப் பார்த்தவர் அப்புறம் விலை கேட்டால் பேரம் பேசக் கேட்கமாட்டார். அடுத்து யார் கேட்டாலும் அதே வீடியோவை அனுப்பலாம். இரண்டு வருடம் கழித்தும் அது வேலை செய்யும், பருப்பு விலையை மட்டும் கீழே திருத்தினால் போதும். மற்ற மூன்று வழிகளிலும் இப்படி ஒன்று உருவாகாது. பெரும்பாலான சிறுதொழில்களுக்கு நான்காவது வழியை முதலில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

என்ன பேசுவது என்று தெரியவில்லை என்பவர்கள் வாட்ஸ்அப்பில் மூன்று மாத உரையாடல்களைப் புரட்டினால் போதும். எண்ணெய் ஏன் நுரைக்கிறது, அடியில் ஏன் கசடு நிற்கிறது, எள் ஆட்டும்போது ஏன் கருப்பட்டி போடுகிறீர்கள், தேங்காய் எண்ணெய் ஏன் மார்கழியில் உறைகிறது, எத்தனை மாதம் வைத்திருக்கலாம். ஒரு கேள்விக்கு ஒரு வீடியோ என்றால் முப்பது கேள்வி எளிதாகத் தேறும்.

எடுக்கும் முறையில் சத்தம்தான் முதல் எதிரி. படம் சுமாராக இருந்தால் பொறுப்பார்கள். குரல் கேட்கவில்லையென்றால் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடுவார்கள். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் காலர் மைக் போதும். செக்கு ஓடும்போது பேசாதீர்கள். நிறுத்திவிட்டுப் பேசி, செக்கு ஓடும் காட்சியைத் தனியாக எடுத்து மேலே ஒட்டுங்கள். ஜன்னல் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் அல்ல. பின்பக்கக் கேமராவில் எடுங்கள், கண்ணாடியைத் துடைத்துவிட்டு. விரல் ரேகை படிந்த லென்ஸால் பாதி வீடியோக்கள் மங்கிப்போகின்றன. முதல் மூன்று நொடியில் கேள்வி வந்துவிட வேண்டும். "வணக்கம் நண்பர்களே, நம்ம சேனலுக்குப் புதுசா வந்திருந்தீங்கன்னா..." என்று தொடங்கினால் ஆள் நிற்கமாட்டார். நாற்பத்தைந்து முதல் தொண்ணூறு நொடி நல்ல நீளம். யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை அனுமதிக்கிறது. அதற்காக இழுக்க வேண்டாம். ஒரே நாளில் இரண்டு சட்டை மாற்றி எட்டு வீடியோ எடுத்தால் வாரம் இரண்டு வீதம் ஒரு மாதத்துக்கு வரும்.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள். வணிகப் பயன்பாட்டுக்கு அது தனி உரிமம் கேட்கும் விஷயம். யூடியூபில் 90 நாளுக்குள் மூன்று பதிப்புரிமை ஸ்ட்ரைக் (மீறல் எச்சரிக்கை) விழுந்தால் சேனலே போய்விடும்.

பேசிப் பழகியதும் வரும் ஆபத்து வாய்க்கொழுப்பு. "ரீஃபைண்ட் எண்ணெய் விஷம்", "இதைக் குடித்தால் சர்க்கரை குணமாகும்" போன்ற வீடியோக்களுக்குப் பார்வை குவியும். உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்ய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகள் அனுமதிப்பதில்லை. பார்வை வந்தாலும் நோட்டீஸும் வரும். தராசையும் கணக்கையும் காட்டுகிறவருக்கு இந்த வம்பு இல்லை.

உண்மையான செலவு நேரம். வாரம் நான்கு மணி நேரம், அதுவும் முதலாளியின் நேரம். முதல் மூன்று நான்கு மாதம் ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும். முந்நூறு பேர் பார்த்த வீடியோவில் ஐந்து பேர் பாட்டில் கேட்டால் அது வெற்றி. ஆயிரம் சந்தாதாரர், 4,000 மணி நேரப் பார்வை என்ற யூடியூப் வருமான இலக்குகளின் பின்னால் எண்ணெய்க்காரர் ஓட வேண்டியதில்லை. புதுக்கோட்டைப் பக்கத்து வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-இல் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்டது பெரிய சாதனைதான். அவர்களுக்கு வீடியோதான் தொழில். உங்களுக்கு எண்ணெய் தொழில்.

முகத்தோடு வரும் சுமை

ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதும் பதிவுகள் அவருடைய நிறுவனத்துக்குக் கொண்டுவந்த கவனம் கொஞ்சநஞ்சமல்ல. அதே கணக்கில் அவர் சொல்லும் சொந்தக் கருத்துகளுக்கு வரும் எதிர்ப்பும் ஸோஹோ பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது. பெரிய நிறுவனம் அதைத் தாங்கும். பத்து பேர் வேலை செய்யும் பட்டறை தாங்காது. அரசியலும் சாதியும் மதமும் தொழில் கணக்கில் வேண்டாம். வீட்டுச் சண்டையும்தான்.

முகம் மறைந்தால் என்ன ஆகும் என்பதும் நியாயமான பயம். வசந்தகுமார் 2020 ஆகஸ்டில் காலமானார், கடைகள் தொடர்கின்றன. முகத்தோடு கடைப் பெயரையும் சேர்த்தே மக்கள் மனதில் பதிய வைத்திருந்தார்கள். சின்ன அளவில் இதைச் செய்ய, மூன்று வீடியோவுக்கு ஒன்றில் செக்கு ஓட்டுபவரோ பேக்கிங் செய்யும் அக்காவோ பேசட்டும். கடைப் பெயர் ஒவ்வொன்றிலும் சுவரிலோ சட்டையிலோ தெரியட்டும்.

தளத்தை நம்பி மட்டும் இருப்பது வேறொரு ஆபத்து. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை இந்திய அரசு தடை செய்தபோது, அதில் மட்டும் கூட்டம் சேர்த்தவர்கள் ஒரே இரவில் வெறுங்கையோடு நின்றார்கள். அதனால் ஒவ்வொரு வீடியோவும் ஆளை வாட்ஸ்அப் எண்ணுக்கு வரவழைக்க வேண்டும். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான் சேரும், அதுவும் உங்கள் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். ஆகவே முதல் ஆர்டரிலேயே "எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று பாட்டில் மூடியருகே ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.

யாருக்கு இது பொருந்தாது

திருப்பூரில் மூன்று பையருக்கு (துணி வாங்கும் நிறுவனங்களுக்கு) மட்டும் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு ரீல் தேவையில்லை. புதிய வெளிநாட்டு பையரைத் தேடுகிறவருக்கு லிங்க்ட்இன் போதும், அதிலும் உரிமையாளரின் சொந்தக் கணக்கு. கம்பெனி பக்கத்திலிருந்து யாருக்கும் இணைப்புக் கோரிக்கை அனுப்ப முடியாது. ஆளிடமிருந்துதான் ஆளுக்குப் போகும். துணியின் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), சாயம் வெளுக்கும் சோதனை, ஒரு ஷிப்மென்ட் ஏன் தாமதமாகிறது என்று வாரம் ஒரு பதிவு எழுதினால், மெயில் அனுப்பும்போது எதிர்முனையில் இருப்பவர் தேடிப் பார்க்க ஏதாவது இருக்கும்.

கேமரா முன்னால் நிஜமாகவே வராதவர்களும் உண்டு. அவர்கள் கையை மட்டும் காட்டிக் குரல் கொடுக்கலாம். செய்முறை தெரியும் கைக்கு முகத்தைவிடக் கொஞ்சம்தான் மதிப்புக் குறைவு.

எந்த வழியானாலும் கணக்குகளைத் திறக்கும் மின்னஞ்சலும் சிம் கார்டும் கம்பெனி வசம் இருக்க வேண்டும். ஏஜென்சியின் மெயிலில் தொடங்கிய பக்கம், கட்டணத் தகராறு வந்த அன்று அவர்களுடையதாகிவிடும். நம்பிக்கையான இரண்டு பேருக்கு நிர்வாக உரிமை கொடுங்கள், கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். "உங்கள் பக்கம் பதிப்புரிமை மீறலுக்காக நீக்கப்படும், இந்த இணைப்பை அழுத்தவும்" என்று இன்பாக்ஸில் வரும் செய்தி கணக்கைத் திருட வரும் வலை. பேக்கிங் பையனிடமும் அதைச் சொல்லி வையுங்கள்.