டெக்சாஸுக்குக் குடிவந்தாச்சு: லைசென்ஸ் இல்லாமலா, எல்.டி.சி.யா, யூட்டா பெர்மிட்டா?

நியூ ஜெர்சியிலிருந்தோ கலிபோர்னியாவிலிருந்தோ டாலஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் பக்கம் வீடு மாற்றி வரும் நம் ஆட்களிடம் கைத்துப்பாக்கிப் பேச்சு வந்தால், யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "இங்கே லைசென்ஸே வேண்டாமே, எதுக்கு வீண் செலவு?" அவர் சொல்வது பொய் இல்லை. 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி தடை இல்லாதவர், லைசென்ஸ் இல்லாமலே பொது இடத்தில் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். ஆனால் கிரீன் கார்டில் இருக்கும் குடும்பத்துக்கு அந்தப் பதில் ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று விலாவாரியாகச் சொல்கிறேன்.

முதலில், இந்தப் பேச்சே யாருக்குப் பொருந்தும்? எச்-1பி, எச்-4, எஃப்-1, ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவின் பி-2 என்று விசாவில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. துப்பாக்கியோ தோட்டாவோ அவர்கள் வைத்திருப்பதையே மத்திய சட்டம் தடுக்கிறது, மீறினால் 15 ஆண்டு வரை சிறை. வேட்டை லைசென்ஸ் வைத்திருந்தால் விலக்கு உண்டு என்பது உண்மைதான், ஆனால் நண்பர் சொன்னார் என்று அதை நம்பி இறங்காமல் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். கிரீன் கார்டு வந்தவர்களுக்கும் குடியுரிமை பெற்றவர்களுக்கும்தான் கீழே சொல்லும் மூன்று வழிகளும்: லைசென்ஸ் இல்லாமல் எடுத்துச் செல்வது, எல்.டி.சி. எனப்படும் டெக்சாஸ் லைசென்ஸ், யூட்டா மாநிலம் கொடுக்கும் பெர்மிட்.

லைசென்ஸ் இல்லாமல் எடுத்துச் செல்வது முதல் வழி. செலவு இல்லை, வகுப்பு இல்லை, கைரேகை இல்லை. சட்டைக்குள் மறைத்தும் வைக்கலாம், வெளியே தெரியும்படி ஹோல்ஸ்டர் என்ற உறையில் போட்டும் போகலாம். சொந்தக் காரில் மறைவாக வைத்துக்கொள்ள இந்த மாநிலம் 2007-லிருந்தே அனுமதிக்கிறது. மாநிலச் சட்டத்தை மட்டும் பார்த்தால் இதுவே போதும் என்றுதான் தோன்றும்.

சிக்கல் மத்திய சட்டத்தில் இருக்கிறது. பள்ளி வளாகத்தைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம், 5 ஆண்டு வரை தண்டனை. தனியார் இடத்துக்கு, அதாவது உங்கள் வீட்டுக்கு, விலக்கு உண்டு, சாலைக்கு இல்லை. தோட்டாவை எடுத்துவிட்டுப் பூட்டிய பெட்டியில் வைத்தால் விலக்கு உண்டு. மூன்றாவது விலக்கு, அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே உங்களைச் சரிபார்த்துக் கொடுத்த லைசென்ஸ். டெக்சாஸ் லைசென்ஸ் இருந்தால் டெக்சாஸ் பள்ளிகளைத் தாண்டிப் போகலாம். லைசென்ஸ் இல்லாதவர் இடுப்பில் துப்பாக்கியோடு ஃபிரிஸ்கோவிலோ கேட்டியிலோ பத்து நிமிடம் கார் ஓட்டினால், ஒரு பள்ளியையாவது உரசாமல் போக முடியுமா? இதற்கென்று மட்டும் வழக்கு போடுவது அபூர்வம்தான். ஆனால் வேறு எதற்காவது மாட்டும்போது இதையும் கூடவே சேர்க்க இடம் இருக்கிறது.

தமிழ்ப் பள்ளி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சனி, ஞாயிறு தமிழ் வகுப்புகள் பல ஊர்களில் அரசுப் பள்ளிக் கட்டடத்தில்தான் நடக்கின்றன. வார இறுதிதானே என்று நினைக்க வேண்டாம், கட்டடம் பள்ளியுடையது. துப்பாக்கியோடு உள்ளே போனால் மாநிலச் சட்டப்படி பெருங்குற்றம், லைசென்ஸ் இருந்தாலும் அப்படித்தான். ஆனால் வாகன நிறுத்துமிடத்தில் வித்தியாசம் வருகிறது: லைசென்ஸ் உள்ளவர் காரில் பூட்டி வைத்துவிட்டுக் குழந்தையை வகுப்பில் விட்டு வரலாம், இல்லாதவர் பள்ளியைச் சுற்றியுள்ள அந்த 1000 அடிக்குள் கார் நுழையும் முன்பே தோட்டாவை எடுத்துப் பூட்டிய பெட்டியில் வைத்திருக்க வேண்டும்.

இதெல்லாம் அமெரிக்கக் குடிமகனுக்கு அபராதம், வழக்கு, வக்கீல் செலவு என்று முடியலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு அப்படி இல்லை. துப்பாக்கியைச் சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருந்ததாகவோ எடுத்துச் சென்றதாகவோ தண்டனை பெற்றாலே நாடு கடத்தக் காரணம் ஆகிவிடும் என்று குடிவரவுச் சட்டம் நேரடியாகவே சொல்கிறது. யாரையும் சுட்டிருக்க வேண்டியதில்லை. பத்து வருடம் பேக்லாக்கில் காத்திருந்து வாங்கிய அட்டை அது. செலவு மிச்சம் என்பவர்கள் கணக்கில் இதைச் சேர்ப்பதே இல்லை.

சரி, இரண்டாவது வழிக்கு வருவோம். டெக்சாஸின் கைத்துப்பாக்கி லைசென்ஸை எல்லோரும் எல்.டி.சி. என்றுதான் சொல்கிறார்கள், மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை கொடுக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 40 டாலர். 2017-க்கு முன்னால் 140 ஆக இருந்தது. கைரேகைக்கும் வகுப்புக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். முதல் லைசென்ஸ் நான்கு ஆண்டு, புதுப்பித்தால் ஐந்து. புதிதாக வந்தவர்கள் ஆறு மாதம் கழித்துத்தான் போட முடியும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. குடிவரும் எண்ணத்தோடு வந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

பாடப் பகுதியை ஆன்லைனிலேயே முடிக்கலாம், சுடும் தேர்வுக்கு நேரில் போக வேண்டும். மொத்தம் 50 ரவுண்டு: 3 கெஜத்தில் 20, 7 கெஜத்தில் 20, 15 கெஜத்தில் 10. 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. ரேஞ்சில் கொஞ்சம் பழகியவருக்கு இது எளிது, துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர் தேர்வுக்கு முன் ஒரு அடிப்படை வகுப்பு எடுத்துவிடுவது நல்லது. என்னைக் கேட்டால் சுடும் தேர்வைவிட அந்தப் பாடம்தான் முக்கியம். எப்போது சுடச் சட்டம் அனுமதிக்கிறது, வாக்குவாதத்தை வன்முறை இல்லாமல் எப்படி முடிப்பது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் எப்படிப் பூட்டி வைப்பது என்பதெல்லாம் அதில்தான் வருகிறது. ஊரில் துப்பாக்கியைப் போலீஸ்காரர் இடுப்பில் மட்டுமே பார்த்து வளர்ந்த நமக்கு இது யாரும் வீட்டில் சொல்லிக் கொடுத்த விஷயம் இல்லை.

கடை வாசல் பலகைகளிலும் லைசென்ஸ் வித்தியாசம் தெரியும். பலகையில் இருக்கும் எண் மாநிலச் சட்டப் பிரிவின் எண். 30.05 பலகை லைசென்ஸ் இல்லாதவரைத் தடுக்கும். 30.06, லைசென்ஸ் உள்ளவர் மறைத்து எடுத்து வருவதைத் தடுக்கும், 30.07, அவர் வெளியே தெரிய எடுத்து வருவதைத் தடுக்கும். ஆக 30.05 மட்டும் தொங்கும் இடத்தில் எல்.டி.சி. உள்ளவர் உள்ளே போகலாம், மற்றவர் காருக்குத் திரும்ப வேண்டும். சிவப்பில் 51% என்று போட்ட மதுக்கூடங்களில் இருவருக்குமே இடமில்லை. விமான நிலையத்தில் மறந்துபோய்ச் சோதனைச் சாவடி வரை கொண்டுபோய்விட்டால், சொன்னதும் உடனே வெளியேறும் லைசென்ஸ்காரருக்கு மாநிலச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது, லைசென்ஸ் இல்லாதவருக்கு அது கிடையாது.

அப்புறம் பயணம். லைசென்ஸ் இல்லாமல் எடுத்துச் செல்லும் உரிமையை நம்பி நீண்ட விடுமுறையில் கொலராடோவுக்கோ சான்டா ஃபேவுக்கோ கிளம்புகிறவர்கள் கவனிக்க வேண்டும். நியூ மெக்சிகோவிலும் கொலராடோவிலும் லோட் செய்த துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு தெருவில் நடக்க லைசென்ஸ் தேவை. டெக்சாஸ் எல்.டி.சி.யை இரண்டு மாநிலங்களும் ஏற்கின்றன, மொத்தத்தில் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏற்கின்றன. நியூ ஜெர்சி, நியூயார்க், கலிபோர்னியா ஏற்பதில்லை. பழைய நண்பர்களைப் பார்க்க நியூ ஜெர்சியின் எடிசனுக்குப் போகும்போது துப்பாக்கி டெக்சாஸ் வீட்டிலேயே இருக்கட்டும். பிலடெல்பியாவைச் சேர்ந்த ஷனீன் ஆலன் என்ற பெண், 2013-ல் பென்சில்வேனியா லைசென்ஸ் நியூ ஜெர்சியிலும் செல்லும் என்று நம்பி, வண்டியை நிறுத்திய போலீஸிடம் தானே துப்பாக்கி இருப்பதைச் சொன்னார். கைது செய்யப்பட்டார், சில ஆண்டுகள் கட்டாயச் சிறை என்ற நிலைமை வரை போனது. கடைசியில் 2015-ல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு கொடுத்த பிறகுதான் அது முடிந்தது. அவர் அமெரிக்கக் குடிமகள். அதே இடத்தில் ஒரு கிரீன் கார்டுக்காரர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது வழி யூட்டா பெர்மிட். வெளிமாநிலத்தவருக்கும் கொடுக்கிறார்கள், சுடும் தேர்வு கட்டாயம் இல்லை, ஐந்து ஆண்டு செல்லும். அதனால் இதை எல்.டி.சி.க்குப் பதிலாக எடுக்கலாம் என்று பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள். டெக்சாஸ்வாசிக்கு அது நடக்காது. சொந்த மாநிலம் யூட்டா பெர்மிட்டை ஏற்கும் மாநிலமாக இருந்தால், முதலில் சொந்த மாநில லைசென்ஸைக் காட்ட வேண்டும் என்று 2011-லிருந்து யூட்டாவில் விதி. டெக்சாஸ் அதை ஏற்கிறது, எனவே முதலில் எல்.டி.சி. எடுத்தே ஆக வேண்டும். மேலே சொன்ன பள்ளி விலக்குக்கும் யூட்டா அட்டை டெக்சாஸில் உதவாது. கொலராடோவோ, அவரவர் வசிக்கும் மாநிலம் கொடுத்த லைசென்ஸை மட்டும்தான் ஏற்கிறது. எல்.டி.சி. செல்லாமல் யூட்டா மட்டும் செல்லும் ஒரு மாநிலத்துக்கு வேலை விஷயமாக அடிக்கடி காரில் போகிறவருக்கு இது இரண்டாவது அட்டையாக உதவும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. பழைய மாநிலத்தில் வாங்கிய பெர்மிட்டைக் கையில் வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான். வெளிமாநில லைசென்ஸ்களை ஏற்பதில் டெக்சாஸ் தாராளமானது, ஆனால் பள்ளி விலக்குக்கு டெக்சாஸ் கொடுத்த லைசென்ஸ்தான் வேண்டும்.

எந்த வழியில் போனாலும் வீட்டுக்குள் ஒரு விஷயம் மாறாது. லோட் செய்த துப்பாக்கியைக் கவனக்குறைவாகப் பூட்டாமல் விட்டு, அது 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்குக் கிடைத்துவிட்டால் டெக்சாஸில் அதுவே தனிக் குற்றம். கணவருக்கு கிரீன் கார்டு வந்து மனைவி இன்னும் எச்-4-ல் இருக்கும் வீடுகளும், ஆறு மாதம் தங்க வந்த மாமனார் மாமியார் இருக்கும் வீடுகளும் நம்மிடையே நிறைய. அந்த வீடுகளில் பெட்டகத்தின் எண் லைசென்ஸ் உள்ள ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும், சாவி என்றால் அவரிடம் மட்டும் இருக்க வேண்டும். பெட்டகம் வாங்கிப் பொருத்திய பிறகு துப்பாக்கிக் கடைக்குப் போங்கள்.