மொலோசியா: வெங்காயச் சட்னிக்கு அனுமதி இல்லாத நாடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஒரு வீடு. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தில் டேட்டன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் குடியிருக்கும் வீடு, ஒரு ஏக்கர் சொச்சம் நிலம், சுற்றிலும் குத்துச்செடி மண்டிய பொட்டல். வீட்டுக்காரர் கெவின் பா அதை மொலோசியா குடியரசு என்கிறார், தானே அதன் குடியரசுத் தலைவர் என்கிறார். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் சீருடை, பதக்கம், கறுப்புக் கண்ணாடி சகிதம் வந்து நாட்டைச் சுற்றிக் காட்டுகிறார். அந்தச் சுற்றிக்காட்டலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். டிஸ்னிலாண்டு மாதிரி நினைத்துக்கொண்டு போய், இதுக்கா அஞ்சு மணி நேரம் வண்டி ஓட்டினோம் என்று யாரும் என்னைத் திட்டக் கூடாது பாருங்கள்.

நாங்கள் போனதற்குக் காரணம் என் மகள். ஒன்பது வயது. கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் எங்கள் வாடகை வீட்டுப் பால்கனியை ஒரு லீவு நாளில் தனி நாடாக அறிவித்துவிட்டாள். பெயர் பால்கனிஸ்தான். என் பழைய வேட்டியைப் பச்சைக் கரையோடு ஒரு முழம் கிழித்துக் கொடி ஆக்கினாள். தேசிய கீதம், குக்கர் மூன்று விசில், எழுந்து நிற்க வேண்டும். திருநெல்வேலியில் இருக்கும் என் அம்மாவை வாட்ஸப்பில் கூப்பிட்டு இந்தியத் தூதர் என்று நியமித்தாள். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏல, அந்த நாட்டுக்கு வாடகை யாரு கெட்டுதா?" என்று என்னைக் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

உலகத்தில் வேறு யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா என்று தேடப் போனால், ஒரு பட்டாளமே இருக்கிறது. (நம்மவர்களிடம் ஒருத்தர் சொந்தமாக நாடு வைத்திருக்கிறார் என்று சொன்னால் உடனே "கைலாசாவா?" என்கிறார்கள். இல்லை, இங்கே சாமியாரும் இல்லை, சிஷ்யர்களும் இல்லை.) இங்கிலாந்துக் கடலோரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து மேடைக் கோட்டை ஒன்றை நாடு என்று 1967-ல் அறிவித்த சீலாந்து இருக்கிறது, காசு கட்டினால் உங்களுக்கும் பிரபுப் பட்டம் கொடுப்பார்கள், ஆனால் நடுக்கடலில் இருக்கிறதே, நினைத்தபோது போய் இறங்க முடியாது. எங்களுக்குக் காரில் போகிற தூரத்தில் இருந்தது மொலோசியாதான்.

போக நினைப்பவர்களுக்கு: வருஷம் முழுக்கத் திறந்திருக்கும் இடம் இல்லை. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை, மாதத்துக்கு ஒரு நாள் மாதிரி தேதி போடுகிறார்கள், முன்பதிவு கட்டாயம். போகிற போக்கில் கதவைத் தட்டலாம் என்று நினைக்காதீர்கள், குடியிருக்கிற வீடு என்று சொன்னேனே. நாங்கள் முந்தின நாளே கிளம்பி, டாஹோ ஏரி வழியாகப் போய், கார்சன் சிட்டியில் தங்கி, காலையில் அங்கிருந்து போனோம். கார்சனிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

எல்லையில்தான் முதல் பிரச்சினை. மொலோசியாவுக்குள் கொண்டுவரக் கூடாதவை என்று ஒரு பட்டியல் உண்டு. துப்பாக்கி, தோட்டா, வெடிமருந்து, சரி. அப்புறம் கெளுத்தி மீன். பசலைக் கீரை. சீல் மாதிரி இருக்கும், நீளத் தந்தம் வைத்திருக்குமே, அந்த வால்ரஸ். மதப் பிரசாரகர்கள், விற்பனையாளர்கள். பாடகி கெல்லி கிளார்க்சனைத் தவிர டெக்சாஸிலிருந்து வரும் எதுவும். இவற்றுக்கு நடுவில் வெங்காயம். மகள் இதையெல்லாம் காரில் உரக்கப் படித்துக்கொண்டு வந்தாள், வெங்காயம் என்றதும் நானும் என் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பின் சீட்டில் தூக்குவாளியில் புளியோதரை, அது பாதகமில்லை, ஆனால் பக்கத்திலேயே இட்லியும், சின்ன வெங்காயத்தை வதக்கி அரைத்த காரச் சட்னியும். பாட்டில் மூடியை மீறி வண்டி முழுக்க அதன் வாசனைதான். மகள் கறாராகச் சொல்லிவிட்டாள், இதோடு எல்லை தாண்டினால் அது கடத்தல். ஆக, சட்னி காரிலேயே, வேற்று நாட்டு மண்ணிலேயே, இருந்தது. வெயிலில் திரும்பி வந்து திறந்தபோது அதன் கதி என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால், பட்டியல் போட்டால் ஒன்றும் இல்லாத மாதிரிதான் தெரியும். நீலம், வெள்ளை, பச்சை என்று பட்டை பட்டையாக ஒரு கொடி. சாவடி, தபால் நிலையம், வங்கி என்று சின்னச் சின்னக் கட்டடங்கள். தோட்டத்தில் ஓடும் பொம்மை ரயில், அதுதான் தேசிய ரயில்வே. கடலே இல்லாத நாட்டுக்குக் கடற்படை, ஆயுதம் காற்றடிக்கிற படகு. கடிகாரம் அமெரிக்க மேற்குக் கரையின் பசிபிக் நேரத்துக்கு 39 நிமிடம் முன்னால் ஓடுகிறது. ஏன் 39 என்றெல்லாம் கேட்கக் கூடாது. நம் நாட்டு நேரத்தில் மட்டும் அந்த அரை மணி வித்தியாசம் எதற்கு என்று அமெரிக்கக்காரன் நம்மைக் கேட்பதில்லையா.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நாணயத்தின் பெயர் வலோரா, நூறு ஃபுட்ரு சேர்ந்தால் ஒரு வலோரா. அதன் மதிப்பு தங்கத்தோடோ டாலரோடோ கட்டப்படவில்லை, பில்ஸ்பரி குக்கீ மாவோடு கட்டப்பட்டிருக்கிறது (ஆமாம், நம் ஊரில் ஆட்டா விற்கும் அதே பில்ஸ்பரி). மூன்று வலோரா, ஒரு குழல் குக்கீ மாவு. சிரித்துவிட்டு யோசித்துப் பார்த்தால், அச்சடித்த காகிதத்துக்குப் பின்னால் சாப்பிடக்கூடிய ஒரு பொருளாவது இருக்கிறதே என்று தோன்றியது. நாணயங்கள் சூதாட்ட மேசையில் வைக்கும் வில்லைகளில் செய்தவை. நெவாடா அல்லவா, வேறு எதில் செய்வார்கள்.

அப்புறம் போர். மொலோசியா இன்றைக்கும் கிழக்கு ஜெர்மனியோடு போரில் இருக்கிறது. கெவின் பா அமெரிக்க ராணுவத்தில் மேற்கு ஜெர்மனியில் வேலை பார்த்தபோது கிழக்கே இருந்தவர்களால் ராத்தூக்கம் கெட்டதாம், அதற்காக 1983-ல் அறிவித்த போர். கிழக்கு ஜெர்மனியே 1990-ல் இல்லாமல் போய்விட்டதே என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் நினைத்தேன். அதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். 1972-ல் கியூபா தன் குட்டித் தீவு ஒன்றுக்கு ஜெர்மன் கம்யூனிஸ்ட் தலைவர் எர்ன்ஸ்ட் டெல்மனின் பெயரை வைத்து கிழக்கு ஜெர்மனிக்கு அன்பளிப்பாக அறிவித்தது, இரண்டு ஜெர்மனிகளும் சேர்ந்தபோது போட்ட ஒப்பந்தத்தில் அந்தத் தீவைப் பற்றிப் பேச்சே இல்லை, ஆகவே அது இன்னும் கிழக்கு ஜெர்மனிதான், ஆகவே எதிரி உயிரோடு இருக்கிறான். திண்ணையில் நாள் முழுக்க வாய்க்கால் தகராறு பேசும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள்கூட இவ்வளவு நுணுக்கமாகப் பாயிண்ட் பிடிக்க மாட்டார்கள்.

இதில் விசேஷம் என்னவென்றால், இவ்வளவையும் சொல்லும்போது மனிதர் சிரிப்பதில்லை. கண்ணடிப்பது, "சும்மா சொன்னேன்" என்பது, ஒன்றும் கிடையாது. கொலு வைக்கிற வீட்டில் பொம்மைக் கடைக்காரனுக்கு முன்னால் பொம்மைக் காய்கறியைப் பரப்பி வைக்கும்போது யாராவது இது மண் என்று சொல்கிறார்களா? அந்த மாதிரி. இது 1977-ல் தொடங்கியது, அப்போது அவர் பள்ளிக்கூடப் பையன், நண்பன் ராஜா, இவர் பிரதம மந்திரி. நண்பன் சீக்கிரமே ஒதுங்கிக்கொண்டான், இவர் விடவில்லை. 1999-லிருந்து குடியரசு. விளையாட்டை யாரும் தொடங்கலாம், இத்தனை வருஷம் ஒரு இடத்திலும் பிசகாமல் நடத்திக்கொண்டு வருவது லேசு இல்லை.

இந்த மாதிரி ஆட்டத்தில் பழைய ஆள் ஒருவர் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் ஜோஷுவா நார்ட்டன் என்று ஒருவர் இருந்தார், பெரு நாட்டு அரிசியை மொத்தமாக வாங்கி நொடித்துப் போன வியாபாரி. 1859-ல் தன்னை அமெரிக்காவின் பேரரசர் என்று அறிவித்துக்கொண்டார், ஊரும் சரி சாமி என்று அப்படியே நடத்தியது, அவர் அச்சடித்த நோட்டைச் சில இடங்களில் வாங்கிக்கொள்ளவும் செய்தார்கள். மொலோசியாவின் அளவை முறைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அரிசியில் விட்டவன் அளவையில் பெயர் வாங்கிவிட்டான் என்றாள் என் மனைவி.

இப்போது அம்மாவின் கேள்வி. வாடகை யார் கட்டுவது? மொலோசியா தன் நிலத்துக்கான சொத்து வரியை ஸ்டோரி கவுண்டிக்கு (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஒழுங்காகக் கட்டிவிடுகிறது. ஆனால் அதை வரி என்று சொல்வதில்லை, வெளிநாட்டு நிதியுதவி என்று சொல்கிறார்கள். பக்கத்து நாடு பாவம், ரோடு போடக் காசில்லாமல் கஷ்டப்படுகிறது, நாம்தான் ஏதோ பார்த்துச் செய்கிறோம் என்கிற தோரணை. ஆஸ்திரேலியாவில் கோதுமை ஒதுக்கீட்டுத் தகராறில் ஒரு விவசாயி 1970-ல் தொடங்கிய ஹட் ரிவர் என்ற நாடு நிஜமாகவே வரி கட்ட மாட்டேன் என்று நின்றது, கடைசியில் பாக்கி மலையாக ஏறி 2020-ல் இழுத்து மூடினார்கள். ஐம்பது வருஷ நாடு. ஒரே காசு, ஒருவர் கட்டிவிட்டுப் பெயரை மாற்றிக்கொண்டார், இன்னொருவர் பெயரைப் பிடித்துக்கொண்டு கட்டாமல் விட்டார். எனக்கென்னவோ மொலோசியாவின் மொத்தச் சாமர்த்தியமும் இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

குறை என்றால், நிழல் போதாது. பாலைவன வெயில், தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் போகாதீர்கள். மிகச் சின்னப் பிள்ளைகள் ரயிலைப் பார்த்த பிறகு நச்சரிக்கத் தொடங்கிவிடும். கூட வருபவர் "இதெல்லாம் சட்டப்படி செல்லுமா?" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்கிற ஆளாக இருந்தால் அவரைப் பக்கத்தில் வர்ஜீனியா சிட்டியில் இறக்கிவிடுங்கள், பழைய வெள்ளிச் சுரங்க ஊர், பொழுது போகும்.

பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக்கொள்ள ஆசை வரும். என் யோசனை, அசல் பாஸ்போர்ட்டை வெளியே எடுக்காதீர்கள். ஹெச்1பி விசா ஒட்டின பாஸ்போர்ட்டில் இல்லாத நாட்டு முத்திரையோடு விமான நிலையத்தில் போய் நின்று விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். என் மகளுக்கு அந்தக் கவலையே இல்லை. கோடு போட்ட நோட்டை நான்காக மடித்து, நடுவில் பின் அடித்து, அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகையின் தங்க நிறப் பக்கத்தை ஒட்டி, பால்கனிஸ்தான் பாஸ்போர்ட் ஒன்று தயாராக வைத்திருந்தாள். உள்ளே புகைப்படத்துக்குப் பதில் அவளே வரைந்த அவள் முகம், காதில் ஜிமிக்கி. அதை நீட்டினாள். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு பேச்சு இல்லாமல், முத்திரை விழுந்தது. திரும்பி எங்களைப் பார்த்தாள் பாருங்கள், அவ்வளவு தூரம் ஓட்டினதற்கு அது போதும்.

வந்த பிறகு பால்கனிஸ்தானில் நிறைய மாற்றங்கள். நாணயம் முறுக்கோடு கட்டப்பட்டது, ஐந்து ரூபா ஒரு முறுக்கு. ஆனால் கையிருப்பு டப்பாவை ராத்திரி நான் காலி செய்துவிட்டதால் பணவீக்கம் கடுமையாக இருக்கிறது. வாடகைக்கு இனி "நட்பு நாட்டு உதவி" என்றே பெயர், ஒன்றாம் தேதி என் கணக்கிலிருந்துதான் போகிறது. மொலோசியாவைப் பார்த்து வெங்காயத்துக்கும் தடைச் சட்டம் கொண்டுவந்தாள், கத்தரிக்காயையும் அதிலேயே சேர்த்து. உணவு அமைச்சர், அதாவது அவள் அம்மா, சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே நிராகரித்துவிட்டாள்.