வெக்டர் கால்குலஸ்: கல்லூரியில் படித்து, வயல்காட்டில் பயன்படுத்திய அனுபவம்

பரீட்சை முடிந்த கையோடு எழுதியிருந்தால் மார்க்கு, கொஸ்டின் பேப்பர் என்றுதான் இந்தப் பாடத்தைப் பற்றி எழுதியிருப்பேன். பி.எஸ்சி. கணிதத்தில் மல்டிவேரியபிள் கால்குலஸ் (ஒன்றுக்கு மேற்பட்ட மாறிகளுக்கான நுண்கணிதம்), வெக்டர் கால்குலஸ் (அளவோடு திசையும் உள்ளவற்றுக்கானது) இரண்டையும் தர்மபுரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் படித்தேன். அப்புறம் கிருஷ்ணகிரிக்கு வந்து தனியார் நில அளவை வேலையில் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. வயல், லேஅவுட், கிரானைட் குவாரி என்று கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியைத் தூக்கிக்கொண்டு திரிகிற வேலை. அந்தப் பாடத்தில் எது கையில் நின்றது, எது உதிர்ந்து போனது என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடியும். கணிதம் எடுக்கலாமா என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படம் போட்டுப் படித்த பகுதி எல்லாம் இன்றும் கூடவே இருக்கிறது. சூத்திரமாக உருப்போட்டது பெரும்பாலும் போய்விட்டது.

பார்ஷியல் டெரிவேட்டிவ் பெரிய சிரமம் இல்லை. பிளஸ் டூ கணிதத்திலேயே பகுதி வகைக்கெழு வந்துவிடுகிறது. ஒரு மாறியை மட்டும் அசைத்து, மற்றதை அப்படியே பிடித்து வைப்பதுதான் விஷயம். கிரேடியன்ட் வரும்போதுதான் பாடம் உண்மையில் தொடங்குகிறது. ஒரு மலையில் எந்தப் பக்கம் அடி வைத்தால் ஏற்றம் மிக அதிகமோ, அந்தத் திசையைக் காட்டுகிற வெக்டர்தான் கிரேடியன்ட். சம உயரக் கோட்டுக்கு அது எப்போதும் செங்குத்தாக நிற்கும். வேறு திசையில் நடந்தால் கிடைக்கிற ஏற்றம், கிரேடியன்ட்டின் அளவை இடைக்கோணத்தின் கொசைனால் பெருக்கியது. அவ்வளவுதான்.

இதை வைத்துக்கொண்டு தர்மபுரி பக்கத்து வத்தல்மலைச் சாலையைப் பாருங்கள். மலைச்சரிவு 4-க்கு 1 இருக்கிற இடத்தில், 20-க்கு 1 ஏற்றத்தில் சாலை போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 0.05-ஐ 0.25-ஆல் வகுத்தால் 0.2. கொசைன் 0.2 வருகிற கோணம் சுமார் 78 டிகிரி. நேர் ஏற்றத் திசையிலிருந்து அவ்வளவு விலகி, கிட்டத்தட்டச் சம உயரக் கோட்டை ஒட்டியே சாலை போயாக வேண்டும். அப்படிப் போகப் போக மலையின் ஓரம் வந்துவிடும், திரும்பித்தான் ஆக வேண்டும். கொண்டை ஊசி வளைவு பிறப்பது அங்கேதான். நம் மானாவாரி நிலங்களில் போடும் சமமட்ட வரப்பும் இதே கணக்குதான். கிரேடியன்ட்டுக்குச் சரியாகக் குறுக்கே வரப்பு நின்றால் மழைத்தண்ணீர் தேங்கி ஊறும், மண்ணும் தங்கும். கொஞ்சம் சாய்ந்துவிட்டால் தண்ணீர் வரப்போரமாகவே ஓடித் தாழ்ந்த மூலையை அறுத்துக்கொண்டு போய்விடும். வரப்புக்கு லெவல் பார்க்கப் போகும்போதெல்லாம் நான் தேடுவது இந்தச் செங்கோணத்தைத்தான்.

ஒரு நிபந்தனைக்குள் நின்று மிகக் குறைந்ததையோ மிக அதிகமானதையோ கண்டுபிடிக்கிற லக்ராஞ்சி பெருக்கி முறை வேலையில் எனக்கு அதிகம் உதவவில்லை. ஆனாலும் அதில் ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். குறிப்பிட்ட கொள்ளளவுக்கு மிகக் குறைந்த தகடு செலவாகும் உருளை டப்பா எது? விடை: உயரமும் விட்டமும் சமமாக இருப்பது. கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் வருகிற 3.1 கிலோ டின்னை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். உயரம் சுமார் 18 செ.மீ., விட்டம் 16 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. புத்தக விடையை விட டின் சற்று உயரம். காரணம் இருக்கிறது: மூடியை வட்டமாக வெட்டும்போது தகட்டின் மூலைகள் வீணாகின்றன. சதுரத் தகட்டிலிருந்து வெட்டுவதாக எடுத்துக்கொண்டு அந்த வீணையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், உயரம் விட்டத்தைப் போல 1.27 மடங்கு என்று வரும். நிஜ டின் 1-க்கும் 1.27-க்கும் நடுவில் நிற்கிறது. கணக்கில் நாம் எதைச் செலவாக எடுத்துக்கொள்கிறோமோ அதற்கேற்ப விடை நகரும் என்பதை வகுப்பில் இப்படிக் காட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

டபுள் இன்டக்ரல், அதாவது ஒரு பரப்பு முழுவதும் தொகையிடுவது, என்னுடைய தினசரிச் சோறு. குவாரியில் எவ்வளவு கல் எடுத்திருக்கிறார்கள் என்று கேட்டால், பள்ளத்தை 5 மீட்டர் கட்டங்களாகப் பிரிக்கிறோம். ஒரு கட்டத்தின் நான்கு மூலைகளில் ஆழம் 3, 4, 4, 5 மீட்டர் என்றால் சராசரி 4, பரப்பு 25 சதுர மீட்டர், ஆக 100 கன மீட்டர். எல்லாக் கட்டத்தையும் கூட்டினால் முடிந்தது. ட்ரோன் எடுத்துத் தருகிற லட்சக்கணக்கான புள்ளிகளை வைத்து சாஃப்ட்வேர் செய்வதும் இதே வேலைதான், கட்டம்தான் சின்னது. ஆர்டரை மாற்றித் தொகையிடுவது, எல்லை குறிப்பது என்று கல்லூரியில் பக்கம் பக்கமாகப் போட்டோம். அதில் எல்லை குறிக்கும் பயிற்சி வீண் போகவில்லை. எது உள்ளே, எது வெளியே என்று முதலில் படம் வரைகிற பழக்கம் அங்கே வந்ததுதான்.

அதே அலகில் யாக்கோபியன் வரும். ஆயங்களை மாற்றும்போது பரப்பு எத்தனை மடங்காகிறது என்று சொல்கிற பெருக்கி அது. அதன் அருமையைக் காட்ட மணிமணியான உதாரணம் ஒன்று உண்டு. ஈ-யின் அடுக்கில் மைனஸ் எக்ஸ் ஸ்கொயர் என்கிற சார்பை மைனஸ் முடிவிலி முதல் பிளஸ் முடிவிலி வரை தொகையிட வேண்டும். ஒற்றை மாறியில் நேரடியாகத் தொகையிட்டு விடை எழுத வழியே இல்லை. அதையே இரண்டு தடவை எழுதிப் பெருக்கி, போலார் ஆயங்களுக்கு (மையத்திலிருந்து தூரம், கோணம் இரண்டையும் வைத்துப் புள்ளியைக் குறிப்பது) மாற்றினால், யாக்கோபியனாக ஓர் 'ஆர்' வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒரு எழுத்தால் கணக்கு கையால் போடும்படி ஆகிவிடுகிறது. விடை பை, அதன் வர்க்கமூலம்தான் நமக்கு வேண்டியது. அளவையில் வரும் பிழைகளைக் கணிக்கிற மணி வடிவ வளைகோட்டுக்கு அடியில் இருப்பதும் இதே தொகைதான்.

இனி கிரீன் தேற்றம். இந்தப் பாடத்தில் எனக்குச் சோறு போட்டது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜார்ஜ் கிரீன் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ரொட்டி சுடுபவர் ஒருவரின் மகன். அப்பாவின் காற்றாலை மாவு மில்லில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடம் போனது ஓராண்டு அளவுக்குத்தான். 1828-ல் சந்தா சேர்த்து, மின்சாரமும் காந்தமும் பற்றிய தன் கணிதக் கட்டுரையை வெளியிட்டார். கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்தபோது வயது 40. 1841-ல் காலமானார். அதன்பிறகே வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, அந்தக் கட்டுரையைத் தேடிப்பிடித்து உலகத்தின் பார்வைக்குக் கொண்டுவந்தார். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்து, இதெல்லாம் நமக்கு வருமா என்று தயங்குகிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நான் கட்டாயம் சொல்வேன்.

தேற்றம் சொல்வது இது: ஒரு பரப்பின் உள்ளே தொகையிட வேண்டியதை, அதன் எல்லையைச் சுற்றி வந்தே தொகையிட்டுவிடலாம். ராயக்கோட்டைப் பக்கம் ஒரு தக்காளித் தோட்டம் அளக்கப் போயிருந்தோம். காய்ப்பு நேரம், குச்சி நட்டுக் கட்டியிருந்தார்கள். தோட்டக்காரர் வரப்பிலேயே மறித்துவிட்டார்.

"செடி மேல கால் வைக்காம அளக்க முடியுமா தம்பி?"

"உள்ளயே இறங்க மாட்டோங்கண்ணா. வரப்பு மேல ஒரு சுத்து வந்தாப் போதும்."

"சுத்தி வந்தா சுத்தளவுதானே தெரியும்? எத்தனை சென்ட்டுன்னு எப்படித் தெரியும்?"

ரொம்பச் சரியான கேள்வி. சுற்றளவை மட்டும் வைத்துப் பரப்பைச் சொல்ல முடியாது. ஆனால் சுற்றி வரும்போது ஒவ்வொரு மூலையும் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொண்டால் முடியும். ஓர் உதாரணம் தருகிறேன். மூலைகள் மீட்டர் கணக்கில் (0, 0), (60, 10), (70, 50), (20, 60) என்று இருக்கட்டும். ஒவ்வொரு மூலையின் முதல் எண்ணை அடுத்த மூலையின் இரண்டாம் எண்ணால் பெருக்கி, அடுத்த மூலையின் முதல் எண்ணை இந்த மூலையின் இரண்டாம் எண்ணால் பெருக்கியதைக் கழிக்க வேண்டும். முதல் பக்கத்துக்குப் பூஜ்யம். இரண்டாவதுக்கு 3000-லிருந்து 700 போக 2300. மூன்றாவதுக்கு 4200-லிருந்து 1000 போக 3200. கடைசிப் பக்கத்துக்கும் பூஜ்யம். கூட்டினால் 5500, அதில் பாதி 2750 சதுர மீட்டர். சென்ட்டில் ஏறக்குறைய 68. பட்டாவில் எழுதினால் 27.50 ஏர்.

நேர்கோட்டுப் பக்கங்கள் கொண்ட நிலத்துக்குக் கிரீன் தேற்றத்தை எழுதினால் கிடைப்பது அச்சு அசல் இந்தக் கணக்குதான். பழைய வரைபடங்களின் மேல் ஊசியை ஓட்டிப் பரப்பு எடுக்கிற பிளானிமீட்டரும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. அதன் துருவ வகையை யாக்கோப் ஆம்ஸ்லர் 1854-ல் கண்டுபிடித்தார். தேற்றத்தில் எல்லையை இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும் என்று ஒரு நிபந்தனை வரும், பரீட்சைக்குப் படிக்கும்போது யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. வலஞ்சுழியாகச் சுற்றினால் பரப்பு மைனஸில் வரும். அதையாவது சமாளிக்கலாம். மூலைகளின் வரிசை மாறிக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால், ஒரு பாதி இன்னொரு பாதியைக் கழித்துவிட்டு நம்பும்படியான ஒரு தவறான எண் வரும். காரணம் தெரிந்தவனுக்குத்தான் அந்த எண்ணைப் பார்த்ததும் சந்தேகம் தட்டும்.

பாடத்தை நடத்திய விதத்தில் எனக்கு வருத்தம் உண்டு. எங்கள் கல்லூரியில் ஆள் பற்றாக்குறை, செமஸ்டர் நடுவில் ஆசிரியர் மாறினார், கடைசி அலகு அவசர அவசரமாக ஓடியது. அதைவிடப் பெரிய குறை, தேற்றத்தின் இரண்டு பக்கத்தையும் தனித்தனியே போட்டுச் சமம் என்று காட்டுகிற 'வெரிஃபை' கணக்குகள். காஸ் டைவர்ஜென்ஸ் தேற்றத்துக்கு ஒரு கணக்கு வருமே, தமிழ்நாட்டில் இதைப் போடாதவர் யார்? 4 எக்ஸ் இசட் ஐ, மைனஸ் ஒய் ஸ்கொயர் ஜே, பிளஸ் ஒய் இசட் கே, ஓரலகு கனசதுரம். ஆறு முகத்தில் மூன்று பூஜ்யம். மற்ற மூன்றும் 2, மைனஸ் 1, அரை. கூட்டினால் ஒன்றரை. உள்ளே தொகையிட்டாலும் ஒன்றரை. "ஹென்ஸ் வெரிஃபைடு" என்று எழுதி அடிக்கோடு போட்டால் மார்க்கு. இரண்டு பக்கமும் ஏன் ஒன்றாக வருகிறது என்று ஒரு வரிகூடக் கேட்க மாட்டார்கள். தென்பெண்ணையின் கே.ஆர்.பி. அணைக்கு நீர்வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி என்று செய்தியில் சொல்கிறார்களே, வரத்தில் வெளியேற்றம் போக மிச்சம்தான் உள்ளே நீர் கூடும் வேகம். எல்லையைத் தாண்டுவதை மட்டும் பார்த்து உள்ளே நடப்பதைச் சொல்கிற அந்தக் கணக்குதான் டைவர்ஜென்ஸ் தேற்றம். தென்பெண்ணையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை ஐந்து நிமிடத்தில் புரிய வைக்கலாம்.

கர்ல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டம் ஒரு புள்ளியில் எவ்வளவு சுழற்றுகிறது என்கிற அளவுதான் கர்ல். ஒகேனக்கல் சுழலைப் பார்த்தவர்கள், சுழல் இருந்தால் கர்ல் இருக்கும், நேராக ஓடினால் இருக்காது என்று நினைத்துக்கொள்வார்கள். ஆறு நேராக ஓடினாலும் நடுவில் வேகம் அதிகம், கரையோரம் குறைவு. ஓரத்தில் ஒரு இலையைப் போட்டால் அதன் ஒரு பக்கத்தை வேகமான நீர் தள்ள, இலை சுழன்றுகொண்டே போகும். தண்ணீர் நேராகத்தான் போகிறது, ஆனால் கர்ல் பூஜ்யம் இல்லை. மாறாக, மையத்திலிருந்து தூரம் இரட்டிப்பானால் வேகம் பாதியாகிற ஒரு சுழலை எடுத்துக்கொண்டால், மையத்தைத் தவிர எல்லா இடத்திலும் கர்ல் பூஜ்யம். அங்கே ஒரு சின்னத் துடுப்புச் சக்கரத்தை மிதக்கவிட்டால் வட்டமாகச் சுற்றி வருமே தவிர, தன் அச்சில் சுழலாது. கர்ல் என்பது அந்தந்தப் புள்ளியின் சங்கதி. இது பிடிபட்டால் ஸ்டோக்ஸ் தேற்றம் பாதி புரிந்த மாதிரி. ஒரு பரப்பின் மேல் உள்ள கர்லை எல்லாம் கூட்டினால், அதன் விளிம்பைச் சுற்றி வந்து தொகையிட்டதற்குச் சமம் என்பதே அது. அந்தத் தேற்றத்தை கெல்வின் 1850-ல் ஸ்டோக்ஸுக்கு ஒரு கடிதத்தில் எழுதினார், 1854-ல் ஸ்டோக்ஸ் அதை கேம்பிரிட்ஜ் பரிசுத் தேர்வில் கேள்வியாகவே கேட்டார். தேர்வு எழுதியவர்களில் ஒருவர், பின்னாளில் மின்காந்தவியலின் சமன்பாடுகளைத் தந்த ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்.

உதிர்ந்து போனது எது என்றால், கிரேடியன்ட், டைவர்ஜென்ஸ், கர்ல் மூன்றுக்கும் பொதுவான 'டெல்' குறியை வைத்து எழுதுகிற முற்றொருமைகளின் நீண்ட பட்டியல். கர்ல் ஆஃப் கர்ல் எல்லாம் இன்று புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதுவேன். அதில் எனக்குக் கவலையும் இல்லை.

இப்போது சேரப்போகிறவர்களுக்கு வசதி அதிகம். எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேரில் 18.02 என்ற எண்ணில் முழுப் பாடமும் காணொளியாக இலவசமாகக் கிடைக்கிறது. கரும்பலகையில் படம் போட்டே நடத்துகிறார்கள், ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறினாலும் தொடர முடியும். கான் அகாடமியின் மல்டிவேரியபிள் பகுதியும் நல்லது, அதில் அசையும் படங்கள் உண்டு. நம் ஊர்ப் பாடத்திட்டத்தின் நடைக்கு, ஐஐடி ஆசிரியர்களின் இலவச இணையப் பாடங்கள் உள்ள என்பிடெல் நெருக்கம். ஃபோனில் ஜியோஜீப்ரா முப்பரிமாணச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பரப்பைப் புத்தகத்தில் பார்த்தாலும் அதில் வரைந்து விரலால் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்புறம் எல்லை எழுதுங்கள்.

பிளஸ் டூ முடித்து விடுமுறையில் இருப்பவர்கள் டாட் பிராடக்ட், கிராஸ் பிராடக்ட் இரண்டையும், போலார் ஆயங்களையும் மட்டும் ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனால் போதும். செமஸ்டர் தொடங்கியதும் லைன் இன்டக்ரல் (ஒரு கோட்டின் வழியே போய்த் தொகையிடுவது) அலகுக்கு மற்றதைவிட இரண்டு பங்கு நேரம் ஒதுக்குங்கள். அதற்குப் பின்னால் வருகிற கிரீன், ஸ்டோக்ஸ் தேற்றங்கள் இரண்டும் அதன் மேல்தான் நிற்கின்றன.