தொலைபேசி வாசலா, பூட்டிய வாசலா?

பொருட்காட்சிக்குத் தங்கை மகனைக் கூட்டிப் போயிருந்தேன். டெல்லி அப்பளக் கடையை ஒட்டி ஒரு வி.ஆர். கடை, அதாவது கணினி காட்டும் பொய் உலகத்துக்குள் போய் வரும் கடை. கண்ணில் கருவியை மாட்டி, ஆடும் நாற்காலியில் உட்கார வைத்து, மலை உச்சியிலிருந்து ரயிலில் உருட்டிவிடுவார்கள். பாதியில் கரண்ட் போய்விட்டது. நாற்காலி நின்றது, சுற்றிலும் கூச்சல். பையன் மட்டும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கடைக்காரர் தோளைத் தட்டி, "தம்பி, கழட்டுடே, கரண்டு போயிட்டு" என்ற பிறகுதான் கை தளர்ந்தது.

"குகைக்குள்ள போகுதுன்னு நெனச்சேன் மாமா" என்றான்.

பாளையங்கோட்டை பஸ்ஸில் ஏறியதும் சண்டை ஆரம்பித்தது. கணினி கட்டிய பொய் உலகத்துக்குள் ஆள் போகும் கதைகளில் எது கெட்டிக்காரத்தனமானது? எனக்கு 'தி மேட்ரிக்ஸ்' படம். அவனுக்கு ஜப்பானிய அனிமே, அதாவது கார்ட்டூன் தொடர், 'ஸ்வோர்ட் ஆர்ட் ஆன்லைன்'.

உள்ளே போகும் வழியை வைத்து இரண்டையும் எடை போடுவதில் அர்த்தமில்லை. 1982-இல் வந்த 'ட்ரான்' படத்தில் லேசர் கதிர் ஆளையே கணினிக்குள் அனுப்பிவிடுகிறது. மேட்ரிக்ஸில் பிடரியில் கம்பியைச் செருகுகிறார்கள். அனிமேயில் ஹெல்மெட். எல்லாம் ஐந்து நிமிட வித்தை. கதை நிற்பது வெளியே வரும் வழியில்தான்.

1999-இல் வந்த மேட்ரிக்ஸில் இயந்திரங்கள் மனிதர்களைப் படுக்கவைத்துப் பொய் உலகைக் காட்டுகின்றன. விழித்துக்கொண்ட சிலர் ஒரு கப்பலில் இருந்தபடி அதற்குள் போய் வருகிறார்கள். அவர்கள் வெளியே வரும் வழி, வயர் போட்ட பழைய தொலைபேசி. நாயகன் நியோ விழுங்கும் சிவப்பு மாத்திரைதான் வாசல் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது முதல் தடவை ஆள் எங்கே படுத்திருக்கிறான் என்று கண்டுபிடிக்க மட்டும். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் மணி அடிக்கும் போனைத் தேடி ஓட வேண்டும். செல்போனில் கப்பலைக் கூப்பிட்டு வழி கேட்கலாம், ஆனால் அதன் வழியாக வெளியேற முடியாது. இந்த ஒரு விதியால்தான் படத்தின் ஓட்டமெல்லாம் ஓட்டமாகிறது. தொடக்கத்தில் நாயகி டிரினிட்டி பூத்துக்குள் ரிசீவரை எடுக்கிறாள், லாரி வந்து பூத்தை நொறுக்குகிறது, உள்ளே ஆள் இல்லை. பிற்பாடு சுரங்க ரயில் நிலையத்தில் அவள் மறையும் நொடியில் ஏஜென்ட், அதாவது பொய் உலகின் காவலாள், சுட்ட குண்டு போனைச் சிதறடிக்க, நியோ மட்டும் மாட்டிக்கொள்கிறான்.

எங்கள் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு காலத்தில் பத்தடிக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. இன்றைக்கு நியோ வண்ணாரப்பேட்டையில் மாட்டினால் பாவம், நாலு தெரு ஓடினாலும் ஒரு ரிசீவர் கிடைக்காது.

"அதான் மாமா, உங்க படம் பழசு. எங்க கதையில போனே கிடையாது, வாசலே கிடையாது" என்றான் பையன். அவன் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. ரெக்கி கவஹாரா எழுதிய அந்தக் கதையில் 10,000 பேர் விளையாட்டுக்குள் போகிறார்கள். மெனுவில் 'லாக் அவுட்' பொத்தானைக் காணோம். முதலில் கவனிப்பவன் கிளைன் என்ற ஆட்டக்காரன். அவன் கவலை என்ன தெரியுமா? ஐந்தரை மணிக்குப் பீட்சா சொல்லி வைத்திருக்கிறான், அது வந்துவிடுமே என்பதுதான். எழுத்தாளர் பயத்தைப் பசியிலிருந்து தொடங்குகிறார் பாருங்கள், அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஹெல்மெட், மூளை உடம்புக்கு அனுப்பும் கட்டளைகளை வழியிலேயே மறித்துக்கொள்வதால் தானாகக் கழற்ற முடியாது. வெளியே இருக்கும் வீட்டார் கழற்றினால் நுண்ணலை மூளையைப் பொசுக்கிவிடும். 100 தளங்களை ஜெயித்தால்தான் விடுதலை.

ஆனால் எனக்கு ஒரு குறை. வாசலை ஒரே அடியாகப் பூட்டிவிட்டதால், அது ஒரு கொடுமைக்காரன் கட்டிய சிறைக்கதையாகச் சுருங்கிவிடுகிறது. விளையாட்டுக்குள் மாட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கும் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. மேட்ரிக்ஸில் அப்படி இல்லை. கப்பலில் திரைக்கு முன்னால் டாங்க் என்பவன் உட்கார்ந்திருக்கிறான், வழி சொல்கிறான், கம்பியைப் பிடுங்குவதும் பிடுங்காததும் வெளியே நிற்பவர் கையில் இருக்கிறது. கூட்டாளி சைஃபர் துரோகம் செய்வதும் அதே கையால்தான். கம்பியைப் பிடுங்குகிறான், உள்ளே நிற்கும் ஆள் அப்படியே சாய்கிறார். உள்ளே எத்தனை துப்பாக்கி வெடித்தாலும் அந்தக் காட்சியின் பயம் வராது.

எங்கள் ஊர்க் கோயில் கொடையில் இப்படி வெளியே நிற்கும் ஆளைப் பார்த்திருக்கிறேன். (சாமியைச் சினிமாவோடு சேர்க்கிறேன் என்று அம்மா திட்டுவாள், திட்டட்டும்.) வில்லுப்பாட்டில் சுடலையின் கதை ஏற ஏற, மேளம் முறுக, சாமியாடிக்கு அருள் வரும். எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் சின்ன வயதிலிருந்து பார்ப்பது அவர் பின்னால் தோளில் துண்டோடு நிற்கும் ஆளை. பெரியப்பா ஆடும்போது சித்தப்பா நிற்பார். சாமி மலையேறும் நேரம் அவருக்குத் தெரியும். சாய்கிற உடம்பைத் தாங்கி, திருநீறு பூசி, சொம்புத் தண்ணீரைக் கையில் கொடுப்பார்.

அந்த ஆள் இல்லாத கதைகளும் உண்டு. 'ஸ்டார் டிரெக்' தொடரில், விண்கப்பலுக்குள் பொய் உலகைக் காட்டும் 'ஹோலோடெக்' அறையில் 'வெளியே' என்று சொன்னால் சுவரில் கதவு தோன்றும். வசதிதான். ஆனால் நீ வெளியே வந்துவிட்டாய் என்று சொல்வதும் அதே கணினி. 1993-இல் வந்த ஓர் அத்தியாயத்தில் கேப்டன் பிகார்ட் வெளியே வந்துவிட்டதாக நம்பி உள்ளேயே நடமாடுகிறார். ஒரு ஆள் இடது, வலது கை மாறிப் பயன்படுத்துவதை வைத்துத்தான் குட்டு உடைகிறது.

இங்கே சொன்ன கதைகளுக்கெல்லாம் மூத்த நாவல், டேனியல் கலூயே 1964-இல் எழுதிய 'சிமுலாக்ரான்-3'. மக்கள் கருத்தைக் கணிக்கப் பொய் நகரம் ஒன்றைக் கட்டுகிறார்கள். கட்டியவனே கடைசியில் தன் உலகமும் யாரோ கட்டியது என்று கண்டுபிடிக்கிறான். அதிலிருந்து வந்த 1999 படம் 'தி தர்ட்டீன்த் ஃப்ளோர்'. அதில் ஒருவன் காரை ஓட்டிக்கொண்டே ஊர் எல்லைக்குப் போகிறான், அங்கே மலையும் வானமும் வெறும் பச்சைக் கோடுகளாக நிற்கின்றன. யோசனையில் இதுதான் பெரியது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டாம் தடவை பார்க்கத் தோன்றுவது மேட்ரிக்ஸைத்தான்.

பையன் சமாதானமாகவில்லை. இறங்கும்போது கேட்டான்: "கடக்காரரு தட்டலேன்னா, நீங்க தட்டியிருப்பீயளா மாமா?"

நான் அந்த நேரம் அப்பளம் தின்றுகொண்டிருந்தேன்.